இரண்டாவது சர்வர் வாங்கியாச்சு, அப்புறம்?

கணினி கேள்வி–பதில் பகுதிக்கு வடசென்னையிலிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே கவலையைத்தான் சுற்றுகின்றன: ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்குமா? ஜவுளிக்கடைக்கும் மீன் ஏலத்துக்கும் ஒரே மருந்து எழுத முடியாது. அதனால் தனித்தனியாகவே பதில்.

கே: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. 7 பில்லிங் கவுன்ட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஹார்டு டிஸ்க் போய், அரை நாள் கையால் பில் போட்டோம். இன்னொரு சர்வர் வாங்கிப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் கவலையில்லை என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். வைக்கலாமா?
– கடைக் கணக்கர், பழைய வண்ணாரப்பேட்டை

ப: வைக்கலாம். ஆனால் செலவுப் பட்டியலில் அது நான்காவது. முதலில் ஒரு தாள் எடுத்து, கவுன்ட்டரில் தட்டிய பில் டிஸ்க்கில் போய் உட்காரும்வரை நடுவில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதுங்கள். ஈ.பி. லைன், யூ.பி.எஸ்., லேன் கேபிள், சுவிட்ச், சர்வர், டிஸ்க். ஆறு கண்ணி, எது அறுந்தாலும் பில் நிற்கும். கணக்குக்காக ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் ஒழுங்காக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறையும் பெருக்கினால் 94.1 சதவீதம்தான், வருடத்தில் 21 நாள் பில் ஓடாது. இப்போது இரண்டாவது சர்வர் தன் சொந்த டிஸ்க்கோடு வருகிறது. சர்வரும் டிஸ்க்கும் சேர்ந்த பகுதி 99.96 சதவீதத்துக்கு ஏறிவிடும். மொத்தம் எவ்வளவு? 96 சதவீதம். 21 நாள் 14½ நாளாகக் குறைந்ததோடு சரி. மிச்ச நாட்களெல்லாம் நீங்கள் கை வைக்காத நான்கு கண்ணிகளுடையவை. இரண்டு சர்வரும் ஒரே யூ.பி.எஸ்.ஸிலும் ஒரே சுவிட்ச்சிலும் தொங்கும்வரை இதற்கு மேல் ஒரு நாள்கூடக் குறையாது.

ஆகவே முதல் செலவு, இருக்கிற சர்வரிலேயே இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதும் முறை) ஆக்குவது. இரண்டும் ஒரே பெட்டியில் ஒன்றாக வந்தவையாக இருக்க வேண்டாம். ஒரே தயாரிப்புத் தொகுதியில் பிறந்தவை ஒரே வயதில் சாகும் வாய்ப்பு உண்டு. இங்கே வழக்கமாக நடக்கும் கூத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு டிஸ்க் செத்தாலும் கடை ஓடும். அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவதும் போகும்போதுதான் முதலாவது எப்போதோ போனது தெரியவரும். லினக்ஸ் சர்வர் என்றால், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்.டி.ஸ்டாட் கோப்பில் இரண்டு யூ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி, மாறினால் முதலாளி போனுக்குச் செய்தி போகும்படி அமையுங்கள். இன்னொன்று: ரெய்டு பேக்கப் ஆகாது. தவறாக அழித்த பில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கடைக்கு வெளியே – இந்தப் பழைய விதியை ரெய்டு மாற்றவில்லை.

இரண்டாவது யூ.பி.எஸ். 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இரண்டு என்றால் 168 வாட்-மணி. 200 வாட் லோடுக்கு 50 நிமிடம் நிற்கும் என்று தோன்றும். நிற்காது. அந்த 7 ஏ.எச். 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் சுமார் 60 சதவீதம்தான் வரும். இன்வெர்ட்டர் இழப்பும் போகப் புதிய பேட்டரியில் 25 நிமிடம். மூன்று வருடம் ஆன பேட்டரியில் அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். வாங்கிய தேதியைப் பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். சுவிட்ச்சையும் யூ.பி.எஸ்.ஸில்தான் செருக வேண்டும். சர்வர் உயிரோடு இருந்து சுவிட்ச் அணைந்து கிடப்பது பல கடைகளில் பார்க்கக்கூடிய காட்சி.

மூன்றாவது, மாற்று சுவிட்ச் ஒன்று. அலமாரியில் இருந்தால் போதும். பழைய சுவிட்ச்சின் ஒவ்வொரு கேபிளுக்கும் கவுன்ட்டர் எண் ஒட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. ஒட்டவில்லையென்றால் ஒரு மணி நேரம்.

அப்புறம்தான் இரண்டாவது சர்வர். கடைக்கு மூன்று பேஸ் இணைப்பு இருந்தால் ஒன்றின் யூ.பி.எஸ்.ஸை ஒரு பேஸிலும் மற்றதை வேறு பேஸிலும் கொடுங்கள். 'ஒரு பேஸ் போச்சு' என்பதுதானே நம் தெருக்களில் அடிக்கடி கேட்பது. தரையோடு எதையும் வைக்காதீர்கள்; 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது சர்வர் தானாகவே பொறுப்பேற்க வேண்டுமா? 7 கவுன்ட்டருக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன் (ஒன்றில் எழுதியதை மற்றதிலும் பிரதி எடுப்பது) ஓடட்டும். மாற்றும் வேலையை மனிதர் செய்யட்டும். ஒரு அட்டையில் நாலு வரி எழுதி லேமினேட் செய்து சர்வர் மேல் ஒட்டுங்கள்: பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு, ஸ்டாண்ட்பையை மெயினாக்கு, பழைய ஐ.பி. முகவரியைப் புதியதற்குக் கொடு. ஒரு பில் போட்டுப் பார். முதல் வரியைச் செய்யாமல் இரண்டாவதுக்குப் போகவே கூடாது. ஏன் என்பது பெரம்பூர் வாசகருக்குச் சொல்லும் பதிலில் வருகிறது.

சர்வரே இல்லாவிட்டாலும் பில் ஓட ஒரு வழி உண்டு. ஜி.எஸ்.டி. விதி 46 பில் எண்ணை 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்பி வராமல், தொடர் எண்ணாக வைக்கச் சொல்கிறது. ஒரே வரிசைதான் என்று சொல்லவில்லை. பல வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் தனி வரிசை கொடுத்தால், 'அடுத்த எண் என்ன' என்று சர்வரைக் கேட்க வேண்டியதே இல்லை. கவுன்ட்டர் கணினி தன்னிடமே பில்லைச் சேர்த்து வைத்து, சர்வர் வந்ததும் அனுப்பிவிடும். ஸ்டாக் மட்டும் கொஞ்ச நேரம் முன்னே பின்னே இருக்கும். மென்பொருள்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள். இதற்கு ஆகும் செலவு சர்வர் விலையைவிடக் குறைவாக இருக்கலாம்.

கே: எங்களுடையது எல்லாம் கிளவுடில்தான் இருக்கிறது. இந்தத் தலைவலி எங்களுக்கு இல்லைதானே?
– மணலி

ப: சர்வர் தலைவலி குறைவு, ஒயர் தலைவலி உங்களுடையதுதான். இரண்டு நிறுவனத்திடம் பிராட்பேண்ட் வாங்கியிருப்பீர்கள். வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் லாரி ஒன்று இடித்தாலே இரண்டும் போகும். ஒன்றையாவது 4ஜி அல்லது 5ஜி ரவுட்டராக மாற்றுங்கள். இரட்டை இணைப்பு ரவுட்டரில் 'இணைப்பு உயிரோடு இருக்கிறதா' என்ற சோதனை பக்கத்து கேட்வேயை (வெளியே போகும் வழியில் முதல் வாசல்) தொடுவதாக இருந்தால் பயனில்லை. அதற்கப்பால் நிறுவனத்தின் லைன் அறுந்திருந்தாலும் கேட்வே பதில் சொல்லும். வெளியுலகத்தில் வேறு வேறு இடத்திலுள்ள இரண்டு முகவரிகளைத் தொடும்படி வையுங்கள். கிளவுடுக்குள்ளேயும் எல்லா மெஷினும் ஒரே ஸோனில் (ஒரே டேட்டா சென்டர் பகுதியில்) இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கே: மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல். லோடு பேலன்சர் போட்டு வேலையை இரண்டு சர்வருக்குப் பிரித்துவிட்டாலே ஃபால்ட் டாலரன்ஸ் (ஒன்று விழுந்தாலும் தாங்கும் தன்மை) தானாக வந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– கொருக்குப்பேட்டை

ப: இல்லை. சுமைப் பகிர்வும் ஃபால்ட் டாலரன்ஸும் சர்வரில் உள்ள அதே காலி இடத்தைப் பிடிக்க முட்டி மோதுகிறவை. இரண்டு சர்வரும் தலா 60 சதவீதம் வேலை செய்கின்றன என்று வையுங்கள். சுமைப் பகிர்வாகப் பார்த்தால் அருமை. ஒன்று விழுந்தால் மற்றதன் தலையில் 120 சதவீதம். அதுவும் விழும். ஒரு சர்வரின் சாவைத் தாங்க வேண்டுமானால் இரண்டு சர்வர் அமைப்பில் ஒவ்வொன்றும் 50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று என்றால் 66, நான்கு என்றால் 75. இதெல்லாம் விளிம்பு, அதற்கும் கீழே நிற்க வேண்டும்.

ஏன் கீழே என்றால், வரிசையின் குணம் அப்படி. ஒரு வேலைக்கு 100 மில்லிசெகண்ட் பிடிக்கும் சர்வர், எளிய வரிசைக் கணக்கின்படி, 50 சதவீத சுமையில் 200 மில்லிசெகண்டில் பதில் தரும். 80 சதவீதத்தில் 500. 90 சதவீதத்தில் ஒரு முழு செகண்ட். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. கடைசிப் பத்துப் பேர் சேரும்போதுதான் வரிசை தெருமுனையைத் தாண்டும். ஆகவே நான்கு சர்வரில் ஒன்று விழுந்து மற்றவை 75-இலிருந்து 100-க்கு ஏறினால், சர்வர் சாகாவிட்டாலும் வாடிக்கையாளருக்குச் செத்தது மாதிரிதான்.

பிரிக்கும் முறையிலும் பொறி இருக்கிறது. ரவுண்ட் ராபின், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போகும். ஒரு வேலை 10 மில்லிசெகண்டும் இன்னொன்று 10 செகண்டும் என்றால் அநியாயமாகிவிடும். சரி, 'யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவரிடம் கொடு' என்ற லீஸ்ட் கனெக்‌ஷன் முறை? டேட்டாபேஸ் தொடர்பு அறுந்த ஒரு சர்வர் 2 மில்லிசெகண்டில் 500 எண் பிழையைத் திருப்பித் தருகிறது. அதனிடம் எப்போதும் வேலை தேங்குவதில்லை. பேலன்சர் கண்ணுக்கு அதுதான் ஊரிலேயே சும்மா இருக்கும் ஆள். எல்லாரையும் அதனிடமே அனுப்பும். வேலையே செய்யாதவனுக்கு எல்லா வேலையும். எனவே ஹெல்த் செக் (சர்வர் நலமா என்று பேலன்சர் செய்யும் சோதனை) என்பது போர்ட் (இணைப்பு வாசல்) திறந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், பதிலின் எண்ணையும் பார்க்க வேண்டும். ஹெச்.ஏ.பிராக்ஸி என்ற பேலன்சர் மென்பொருளில் சோதனையை இயக்கி வேறெதுவும் சொல்லாவிட்டால் 2 செகண்டுக்கு ஒரு முறை பார்க்கும். தொடர்ந்து 3 முறை தோற்றால் வெளியே, 2 முறை வென்றால் உள்ளே. அதாவது சுமார் 6 செகண்ட் வரை செத்த சர்வருக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். பிராஜெக்ட் வைவாவில் இந்த 6 செகண்டைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பேலன்சர்களே பல இருந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் அதே 'காலி' சர்வரைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் விழும். இதற்கு அழகான மருந்து: ஏதோ இரண்டு சர்வரைக் குருட்டாம்போக்கில் எடு, இரண்டில் சுமை குறைந்ததற்குக் கொடு. ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுப்பதைவிட இந்த 'இரண்டில் ஒன்று' எவ்வளவோ சமமாகப் பிரிக்கும் என்பது 1990-களிலேயே கணிதமாக நிறுவப்பட்டுவிட்டது. மைக்கேல் மிட்சன்மாக்கரின் 1996 முனைவர் பட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள்.

கே: சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் சிஸ்டம் அட்மின். இரண்டு லினக்ஸ் சர்வரில் கீப்அலைவ்டு (ஒன்று விழுந்தால் முகவரியை மற்றதற்கு மாற்றும் மென்பொருள்) போட்டு ஒரே விர்ச்சுவல் ஐ.பி. (மாஸ்டராக இருப்பது எதுவோ அது வைத்துக்கொள்ளும் பொது முகவரி) வைத்திருக்கிறோம். சில நேரம் இரண்டுமே 'நான்தான் மாஸ்டர்' என்கின்றன. ஒன்று பெரம்பூரிலும் ஒன்று மண்ணடியிலும் உள்ள டேட்டாபேஸுக்கும் இதே முறை போடலாம் என்று இருக்கிறோம்.
– பெரம்பூர்

ப: முதல் பாதிக்கு மருந்து உண்டு. இரண்டாவதைத் தயவுசெய்து போடாதீர்கள்.

கீப்அலைவ்டு பேசுவது வி.ஆர்.ஆர்.பி. என்ற நெறிமுறையில். மாஸ்டர் செகண்டுக்கு ஒரு முறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (குழுவில் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும்) முகவரிக்கு 'இருக்கிறேன்' என்று கூவும். மூன்று கூவல் காதில் விழாவிட்டால் மற்றது எழுந்து மாஸ்டராகும். இரண்டும் மாஸ்டர் என்றால், பெரும்பாலும் இரண்டும் நலம், காதுதான் அடைத்திருக்கிறது. ஃபயர்வாலில் டி.சி.பி., யு.டி.பி. மட்டும் திறந்திருப்பீர்கள், வி.ஆர்.ஆர்.பி. இரண்டிலும் சேராதது, அதன் நெறிமுறை எண் 112. அதைத் திறந்து, ஸ்டாண்ட்பையில் டி.சி.பி.டம்ப் (நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் கருவி) ஓட்டி, கூவல் வருகிறதா என்று பாருங்கள். அப்போதும் வரவில்லையானால் சுவிட்ச் மல்டிகாஸ்டை விழுங்குகிறது. 'யூனிகாஸ்ட் பியர்' போட்டு இரண்டின் முகவரியையும் நேராகக் கொடுங்கள். விர்ச்சுவல் ரவுட்டர் ஐடி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதே லேனில் வேறு யாரும் அந்த எண்ணை வைத்திருக்கக் கூடாது.

அடுத்த தப்பு, வெயிட், அதாவது சேவை செத்தால் பிரையாரிட்டியில் எவ்வளவு குறைப்பது என்ற எண். பிரையாரிட்டி பெரிதாக இருப்பதே மாஸ்டர். ஒன்றுக்குப் பிரையாரிட்டி 150, மற்றதற்கு 100. சேவை செத்தால் 30 குறைக்கும்படி ஸ்கிரிப்ட். 150-இல் 30 போனால் 120. இன்னும் 100-ஐவிடப் பெரிது. செத்த சேவையோடு அதுவே மாஸ்டராக உட்கார்ந்திருக்கும். வித்தியாசத்தைவிடப் பெரிய எண், 60 என்று கொடுங்கள். விழுந்தது எழுந்ததும் உடனே பதவியைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க 'நோப்ரீஎம்ப்ட்' உண்டு. ஆனால் அது வேலை செய்ய இரண்டின் ஆரம்ப நிலையையும் 'பேக்கப்' என்றே எழுத வேண்டும்.

இப்போது டேட்டாபேஸ். வெறும் வெப் சர்வர் இரண்டு மாஸ்டரானால் கொஞ்ச நேரம் குழப்பம், அவ்வளவுதான். டேட்டாபேஸ் இரண்டு மாஸ்டரானால், பெரம்பூரில் ஒரு லாரிக்கு எழுதிய ரசீது மண்ணடியில் இல்லை, மண்ணடியில் எழுதியது பெரம்பூரில் இல்லை. லைன் திரும்ப வந்ததும் இரண்டையும் மென்பொருள் தானாகச் சரியாகச் சேர்த்துவிடும் என்று நம்ப முடியாது; நீங்கள்தான் ரசீதுக் கட்டோடு உட்கார வேண்டும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகூடக் கிடையாது.

அடிப்படைச் சிக்கல் இதுதான்: எதிர்ப்பக்கம் பேசவில்லை என்றால் அது செத்துவிட்டதா, லைன் அறுந்ததா, இல்லை மெதுவாக மூச்சு விடுகிறதா என்று இந்தப் பக்கத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை. நேரத்துக்கு வரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு கணினி சாகக்கூடும் என்றாலே, எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று எந்த நிச்சய வழிமுறையாலும் உறுதி தர முடியாது; ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் 1985-இல் நிரூபித்தது. அதனால் நடைமுறையில் டைம்அவுட்டும் (குறித்த நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் காத்திருப்பதை விடுவது) பெரும்பான்மையும் வைத்துச் சமாளிக்கிறோம். இரண்டு பேரில் பெரும்பான்மை இரண்டு. லைன் அறுந்தால் யாரிடமும் அது இல்லை. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். அது சின்ன மெஷினாக இருக்கலாம், கலேரா என்ற டேட்டாபேஸ் க்ளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) டேட்டாவே வைத்துக்கொள்ளாத ஆர்பிட்ரேட்டர்கூட உண்டு. ஆனால் பெரம்பூரிலோ மண்ணடியிலோ வைத்தால் வீண். மூன்றாவது இடம், மூன்றாவது மின்சாரம். 3 கணினி ஒரு சாவைத் தாங்கும். 4-உம் ஒன்றைத்தான் தாங்கும், ஏனெனில் பெரும்பான்மை 3 ஆகிவிடுகிறது. 5 தாங்குவது இரண்டை. நான்காவதற்குச் செலவு செய்வதை எங்களால் ஆதரிக்க முடியாது.

சாட்சி வந்த பிறகும் ஒரு பேய் மிச்சம். பழைய மாஸ்டர் 15 செகண்ட் உறைந்துபோய், அதற்குள் புதியது தேர்வாகி, பழையது கண் விழித்துத் தான் இன்னும் மாஸ்டர் என்றே நினைத்து எழுதுகிறது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, புதியது பொறுப்பேற்கும் முன் பழையதன் மின்சாரத்தையே துண்டிப்பது. க்ளஸ்டர்காரர்கள் ஸ்டோனித் என்பார்கள். எம்.சி. ரோடு கடைக்கு நாங்கள் சொன்ன 'கேபிளைப் பிடுங்கு' என்பதும் கையால் செய்யும் ஸ்டோனித்தான். மற்றது, ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஏறுமுகமான ஆட்சி எண் கொடுத்து, சேமிப்புப் பக்கம் பழைய எண்ணோடு வரும் எழுத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வது.

கே: அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. 2012-இல் வடஇந்தியாவே இருண்டபோது நமக்கு மட்டும் எப்படி எரிந்தது? கம்ப்யூட்டரிலும் இப்படி நடக்குமா?
– அத்திப்பட்டு

ப: நடக்கிறது, அதுவும் அச்சு அசலாக. 2012 ஜூலை 30-இல் வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும். சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி. இரண்டு நாளும் தொடக்கம் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அந்த லைனில் ஷார்ட் எதுவும் இல்லை. சுமை ஏறி, கரன்ட் கூடி, வோல்டேஜ் இறங்கியது. ரிலே (ஷார்ட் கண்டால் லைனைத் துண்டிக்கும் காவல் கருவி) கண்ணுக்கு அது தூரத்தில் ஒரு ஷார்ட் மாதிரியே தெரிந்தது, லைனைத் துண்டித்தது. அந்தச் சுமை பக்கத்து லைன்களில் ஏற, அவையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன.

ரிலே இருக்கிற இடத்தில் ஹெல்த் செக்கை வைத்துப் பாருங்கள். நெரிசலில் ஒரு சர்வர் மெதுவாகிறது. பேலன்சர் அதைச் செத்ததாக நினைத்து வெளியே தள்ளுகிறது. சுமை மற்றவற்றின் மேல் ஏறுகிறது, அவையும் மெதுவாகின்றன, அவையும் வெளியே. ஐந்து நிமிடத்தில் எல்லா மெஷினும் நலமாக இருக்கும், தளம் மட்டும் இருக்காது. இதற்காகத்தான் பேலன்சர் வேலையும் செய்யும் என்வாய் என்ற பிராக்ஸியில் ஒரு 'பீதி வரம்பு' உண்டு: நலமென்று தெரியும் சர்வர்கள் 50 சதவீதத்துக்குக் கீழே போனால், தன் சோதனையையே நம்பாமல் எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கத் தொடங்கும். பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் சாகிறதென்றால் தப்பு சோதனையில் இருக்க வாய்ப்பு அதிகம் என்ற தர்க்கம்.

தெற்கு தப்பியதற்குக் காரணம், அன்று நம் கிரிட் மற்றவற்றோடு ஒரே அலையில் இணைந்திருக்கவில்லை. இடையில் உயர் அழுத்த நேர்மின் இணைப்புகள் மட்டுமே. அங்கே அதிர்வெண் சரிந்தால் இங்கே சரியாது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக ஒரே கிரிட் ஆனது 2013 டிசம்பர் 31-இல்தான். கணினியில் இதற்கு இணையானது, பெரிய தொகுதி ஒன்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் தனி டேட்டாபேஸ், தனி வரிசை கொடுப்பது. ஒன்றின் காலி இடத்தை மற்றது பயன்படுத்த முடியாது என்பது அதன் விலை. அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கே: காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு மொபைல் ஆப் எழுதியிருக்கிறேன். விடியற்காலை படகுகள் வந்ததும் 400 போன் ஒரே நேரத்தில் திறக்கும். போன வாரம் சர்வர் நின்றது. ரீஸ்டார்ட் செய்தாலும் எழவில்லை. அதோடு ஒரே கூறுக்கு ஒருவர் பெயரில் இரண்டு முறை ஏலம் விழுந்திருக்கிறது. ஆப்பில் 5 செகண்ட் டைம்அவுட், உடனே 3 ரீட்ரை (மறுமுயற்சி).
– புதுமனைக்குப்பம்

ப: கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. 400 போன், ஒவ்வொன்றும் நான்கு முறை: 1,600 கோரிக்கை, அதுவும் எல்லாம் ஐந்தைந்து செகண்ட் இடைவெளியில் ஒரே அலையாக. சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் அந்த அலை அடிக்கிறது. ஆப் நான்கு முறை, நடுவில் ஏ.பி.ஐ. கேட்வே நான்கு முறை, டேட்டாபேஸ் லைப்ரரி நான்கு முறை என்று மூன்று அடுக்கிலும் ரீட்ரை இருந்தால் ஒரு விரல் தட்டலுக்கு 64 கேள்வி. முதல் வேலை, ரீட்ரையை ஒரே அடுக்கில் வைத்து மற்ற இடங்களில் எடுத்துவிடுங்கள். ஆப்பில் மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, இடைவெளி 1, 2, 4, 8 செகண்ட் என்று இரட்டிக்கட்டும், உச்சம் 30. மூன்றாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்: இரட்டித்தால் மட்டும் போதாது, 400 போனும் சேர்ந்தேதான் இரட்டிக்கும். 4 செகண்ட் என்று வந்தால் சரியாக நாலில் போகாமல் 0-க்கும் 4-க்கும் இடையில் ஏதோ ஒரு கணத்தில் போகச் சொல்லுங்கள். அலை உடைந்து சாரலாகிவிடும்.

சர்வர் பக்கம் வரிசைக்கு உச்ச நீளம் வையுங்கள். ஒரு செகண்டுக்கு 100 வேலை முடிக்கும் சர்வரில் 500-க்கு மேல் வரிசை நின்றால், 501-ஆவது ஆளின் முறை வரும்போது அவருடைய 5 செகண்ட் முடிந்து அவர் போயிருப்பார், போனவருக்காகச் சமைத்துக்கொண்டிருப்பீர்கள். வேலை வீணாவதோடு, அவர் திரும்ப வந்து வரிசையின் கடைசியில் வேறு நிற்கிறார். ரீஸ்டார்ட் செய்தும் எழாததற்கு இதுதான் காரணம். 200 தாண்டியதும் 503 ('இப்போது முடியாது') எண்ணும் 'இத்தனை செகண்ட் கழித்து வா' என்ற தகவலும் உடனே கொடுத்து அனுப்பிவிடுங்கள். மறுப்பது மரியாதைக் குறைவல்ல.

இரட்டை ஏலத்துக்கு வருவோம். டைம்அவுட் என்றால் 'நடக்கவில்லை' என்று பொருளல்ல. 'தெரியவில்லை' என்றுதான் பொருள். கோரிக்கை போய்ச் சேர்ந்து, ஏலம் பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஆகவே விரல் பட்ட கணத்திலேயே போன் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்க வேண்டும். எத்தனை ரீட்ரை போனாலும் அதே எண். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யூனிக் இன்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை பதிவாகாமல் தடுப்பது). இரண்டாவது முறை வந்தால் பிழை காட்டாமல், முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுங்கள். 'முதலில் இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் எழுது' என்று இரண்டு அடியாகச் செய்யாதீர்கள். இரண்டு சர்வர் ஒரே மில்லிசெகண்டில் தேடி இரண்டும் இல்லை என்று காணும். இன்டெக்ஸ்தான் நடுவர். யு.பி.ஐ. பணத்துக்கும் இதே கதை: பென்டிங் என்பதைத் தோல்வி என்று எழுதிவிட்டால் இரண்டாவது பணம் போகும்.

யார் முதலில் கேட்டார் என்பதற்குப் போன் கடிகாரத்தை நம்ப வேண்டாம்; அது ஒருவருக்கொருவர் செகண்ட் கணக்கில் மாறும், கையாலும் மாற்றலாம். ஒரு கூறின் ஏலம் முழுக்க ஒரே சர்வரில் நடக்கட்டும், அங்கே வந்து சேர்ந்த வரிசையே வரிசை. வஞ்சிரக் கூறு ஒன்றிலும் சங்கராக் கூறு வேறொன்றிலும் நடந்தால் சுமையும் பிரிந்துவிடும். எந்தக் கூறு எந்த சர்வருக்கு என்பதைக் கூறு எண்ணைச் சர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதி பார்த்து முடிவு செய்தால், 4 சர்வர் 5 ஆகும்போது 80 சதவீதக் கூறுகள் இடம் மாறும். ஏலம் நடுவில் இருந்தால் கலவரம்தான். கன்சிஸ்டன்ட் ஹாஷிங் என்ற வேறொரு பங்கீட்டு முறையில் சுமார் 20 சதவீதம்தான் நகரும். உங்கள் அளவுக்கு அதுவும் அதிகப்படி; ஒரு சின்ன அட்டவணையில் 'இந்தக் கூறு இங்கே' என்று எழுதிவைத்தாலே நடக்கும்.

சர்வர் துறைமுகப் பக்கமே இருந்தால் உப்புக்காற்று லேன் பின்களைப் பச்சை பிடிக்க வைக்கும். முழுதாக அறுகாமல் விட்டு விட்டு வரும். அது இன்னும் மோசம்.

கே: திருவொற்றியூரில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். ஆன்லைன் மாதிரித் தேர்வின்போது ஒரு சர்வரை நிறுத்தினால் அதில் இருந்த மாணவர்கள் எல்லாம் லாகின் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ப: செஷன், அதாவது யார் லாகின் ஆகியிருக்கிறார் என்ற குறிப்பு, அந்த சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. ரெடிஸ் (நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் டேட்டாபேஸ்) போன்ற பொது இடத்துக்கு மாற்றுங்கள்; அந்த ரெடிஸுக்கும் ஒரு ரெப்ளிகா வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்தை இடம் மாற்றியதோடு சரி. ஐ.பி. முகவரி பார்த்து ஒருவரை ஒரே சர்வரில் ஒட்டவைக்கும் முறை வேண்டாம். மொபைல் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வெளி முகவரியில் வருவார்கள். மொத்த வகுப்பும் ஒரே சர்வரில் போய் விழும். விடைகளை உலாவியிலேயும் சேமித்து 30 செகண்டுக்கு ஒரு முறை அனுப்புங்கள். சர்வரை நிறுத்தும் முன் பேலன்சரில் 'ட்ரெயின்' (புதியவர்களை அனுப்பாமல், இருப்பவர்களை மட்டும் முடிக்கவிடும்) நிலையில் வைத்து, உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை பொறுங்கள்.

கே: எல்லாம் அமைத்தாகிவிட்டது. சோதிக்க ஒரு சர்வரின் பவர் பட்டனை அழுத்திப் பார்த்தோம், மற்றது அழகாக ஏற்றுக்கொண்டது. வேறென்ன செய்யலாம்?
– வியாசர்பாடி

ப: பவர் பட்டன் சோதனை எல்லாரும் பாஸ் ஆகும் சோதனை. உண்மையில் கணினிகள் அவ்வளவு நாகரிகமாகச் சாவதில்லை. டான்டம் கம்ப்யூட்டர்ஸில் ஜிம் கிரே 1985-இல் நிறுத்தங்களை வகைப்படுத்தினார்; வன்பொருளால் வந்தவை 18 சதவீதம், மனிதர்கள் செய்த நிர்வாக வேலைகளால் வந்தவை 42 சதவீதம். எனவே பட்டனை விட்டுவிட்டு, மனிதன் செய்யக்கூடியவற்றைச் செய்து பாருங்கள். டிஸ்க்கை வேண்டாத கோப்பால் 100 சதவீதம் நிரப்புங்கள்: படிக்கும், எழுதாது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் என்ன ஆகும் என்று தேதியை மாற்றிப் பாருங்கள். லினக்ஸில் டி.சி. நெட்எம் கொண்டு ஒரு சர்வரின் பதிலை 800 மில்லிசெகண்ட் தாமதப்படுத்துங்கள். அதைப் பேலன்சர் வெளியே தள்ளுகிறதா, மற்றவற்றையும் பின்னால் இழுக்கிறதா?

முக்கியமானது கடைசியில். சேவையைக் கொல்லாமல், ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறையவையுங்கள். புரோகிராம் அசையாது, ஆனால் இணைப்பை ஏற்பது லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்பதால் போர்ட் திறந்தே இருக்கும், டி.சி.பி. சோதனைக்கு 'நலம்' என்றே பதில் வரும். பதிலின் உள்ளே பார்க்கும் ஹெச்.டி.டி.பி. சோதனை மட்டுமே பிடிக்கும். எத்தனை செகண்டில் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன் மதியம் போல ஆட்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். வெள்ளி மாலை வேண்டாம்.

மற்றது பொறுப்பேற்ற பிறகு, உறைந்ததற்குத் தொடரும் சிக்னல் கொடுத்து எழுப்புங்கள். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து ஏதாவது எழுதப் பார்த்ததா என்று இரண்டு பக்க லாகையும் தேடுங்கள். ஒரு வரியாவது உள்ளே போயிருந்தால், பெரம்பூர் வாசகருக்குச் சொன்ன ஆட்சி எண் உங்கள் அமைப்பில் இல்லை.